பட்டப் படிப்போடு ஆராய்ச்சியும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, இலங்கையின் கிழக்கே வந்தாறுமூலையிலும் சம்மாந்துறையிலும் உள்ள பல்கலைக்கழக வளாகங்களில் விஞ்ஞானம் கற்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் எழுதியவை. புலமைப்பரிசில் என்ற ஒரே சொல்லைக் கொண்டு இரண்டு வேறு பொருள்களைப் பலர் கேட்டிருக்கிறார்கள். படிப்பை இடைநிறுத்தாமல் தொடர்வதற்கான பணம் ஒன்று; பட்டம் பெறுவதற்கு முன்னரே ஆய்வுகூடத்தில் வேலை பழகுவதற்கான வாய்ப்பு மற்றொன்று. இரண்டுக்கும் தட்ட வேண்டிய கதவுகள் வேறு என்பதால் தனித்தனியே பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் முதலாம் வருட மாணவி. அப்பா மீன்பிடித் தொழில் செய்கிறார். மகாபொல புலமைப்பரிசில் பட்டியலில் என் பெயர் வரவில்லை. மகாபொல கிடைக்காதவர்களுக்கு வேறு உதவி உண்டா? இரண்டையும் சேர்த்துப் பெறலாம் என்று அறைத் தோழி ஒருத்தி சொல்கிறாள், அது உண்மையா? – வாகரை வாசகி

பதில்: இரண்டையும் ஒருவர் ஒரே காலத்தில் பெற முடியாது. மகாபொல என்பது லலித் அத்துலத்முதலி அமைச்சராக இருந்த காலத்தில், 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட நம்பிக்கை நிதியத்திலிருந்து வழங்கப்படுவது. உயர்தரப் பெறுபேற்றையும் குடும்ப வருமானத்தையும் வைத்து அதற்குத் தெரிவு நடக்கிறது. அதில் இடம் கிடைக்காத, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்றே உதவிப்பணம் இருக்கிறது. நம் மாணவர்கள் அதனைப் 'பேசரி' என்று சொல்வார்கள். இதற்கு நீங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலன் பகுதியூடாக விண்ணப்பிக்க வேண்டும். 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவின் மாதத் தொகையை 5000 ரூபாவிலிருந்து 7500 ரூபாவாகவும், உதவிப்பணத்தை 4000 ரூபாவிலிருந்து 6500 ரூபாவாகவும் உயர்த்தும் முன்மொழிவு வைக்கப்பட்டது. ஆகவே மகாபொல தவறியதால் எல்லாம் தவறிவிட்டது என்று நினைத்து இருந்துவிடாதீர்கள்.

மீனவக் குடும்பங்களுக்கு இதில் ஒரு சிக்கல் வருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மாதச் சம்பளம் இல்லாதவர் வருமானத்தை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல், படகு நன்றாக ஓடிய ஒரு மாதத்தின் கணக்கை எழுதி, அதனைப் பன்னிரண்டால் பெருக்கிவிடுகிறார்கள். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வருமானமே இல்லை என்பது அந்தக் கணக்கில் வராது. வருமானச் சான்றிதழுக்காகக் கிராம அலுவலரிடம் போகும்போது ஆண்டு முழுவதற்குமான நிலைமையை அப்பாவே நேரில் எடுத்துச் சொல்லட்டும். பிறகு பிரதேச செயலகத்தின் மேலொப்பத்தைப் பெறுங்கள். படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கையரின் பாடசாலைக் கடிதங்களையும், உங்கள் வீட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான தூரத்தையும் விட்டுவிடாமல் சேருங்கள். அவையும் கணக்கில் எடுக்கப்படுபவை. ஒரு முறை மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டு மேன்முறையீடு செய்யுங்கள். கோபித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டவர்களே தொகையை இழந்தவர்களில் அதிகம்.

தவணை தாமதமாவது வழமையான ஒன்று. அந்தப் பணம் வந்த பிறகுதான் விடுதிச் சாப்பாட்டுக் காசைக் கட்டலாம் என்ற நிலையில் முதல் அரையாண்டைத் தொடங்க வேண்டாம்.

கேள்வி: நான் இரண்டாம் வருடத்தில் பௌதிகவியல் கற்கிறேன். தமிழ்நாட்டுக் காணொளி ஒன்றில், இந்திய விஞ்ஞானக் கழகங்களின் கோடைகால ஆய்வுத் திட்டம், ஆண்டுக்கு 80,000 ரூபா தரும் இன்ஸ்பயர் புலமைப்பரிசில், ஜேர்மனியின் 'ரைஸ்' பயிற்சி ஆகியவற்றைப் பற்றி விரிவாகச் சொன்னார்கள். நான் எவற்றுக்கு விண்ணப்பிக்கலாம்? – சம்மாந்துறை வாசகர்

பதில்: நீங்கள் குறிப்பிட்ட மூன்றுக்கும் நீங்கள் விண்ணப்பிக்க முடியாது. வருத்தம் தரும் பதில்தான். ஆனால் மூன்று மாதம் படிவம் நிரப்பிய பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது மேல். இந்திய விஞ்ஞானக் கழகங்களின் கோடைகாலத் திட்டம் இந்தியாவில் கற்கும் மாணவர்களுக்கும் அங்குள்ள ஆசிரியர்களுக்கும் உரியது. இன்ஸ்பயர், இந்தியப் பாடசாலைத் தேர்வுகளில் முன்னணியில் வந்தவர்களுக்கு அந்நாட்டு அரசு தருவது. ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையின் 'ரைஸ்' திட்டம் வட அமெரிக்கா, பிரித்தானியா, அயர்லாந்து ஆகிய இடங்களிலுள்ள பல்கலைக்கழக மாணவர்களை மட்டும் ஏற்கிறது. காணொளி செய்தவர் பொய் சொல்லவில்லை. அவர் பேசியது சென்னையிலும் மதுரையிலும் இருக்கும் பிள்ளைகளை நோக்கி. ஒரே மொழி என்பதால் அது நமக்கும் பொருந்தும் என்று நாம் எடுத்துக்கொண்டுவிடுகிறோம்.

இந்தியாவின் கதவு முழுவதும் மூடியதன்று. கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் கல்வி அமைச்சோடு சேர்ந்து இலங்கை மாணவர்களுக்கென்றே புலமைப்பரிசில்களை அறிவிக்கிறது. நேரு நினைவுப் புலமைப்பரிசில் இளமாணிப் பட்டத்துக்கும், மௌலானா அசாத் புலமைப்பரிசில் முதுமாணிப் பட்டத்துக்கும், ராஜீவ் காந்தி புலமைப்பரிசில் தகவல் தொழில்நுட்பம் சார்ந்த பொறியியல் பட்டத்துக்கும் உரியவை. இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் இந்தியாவில் புதிதாகப் பட்டப்படிப்பைத் தொடங்குவோருக்கானவை. இங்கே இரண்டாம் வருடத்தில் இருக்கும் நீங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கே முதலிலிருந்து தொடங்குவது எனக்கு உகந்ததாகத் தோன்றவில்லை. மௌலானா அசாத்தை மட்டும் நினைவில் வைத்திருங்கள். பட்டம் முடிந்தபின் உதவும்.

இனி, நாடு எதுவென்று பாராமல் மாணவர்களை எடுக்கும் இடங்களைச் சொல்கிறேன். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள ஐரோப்பிய அணுக்கரு ஆராய்ச்சி நிறுவனமாகிய 'சேர்ன்', உறுப்பு நாடுகள் அல்லாத நாடுகளின் மாணவர்களுக்கும் கோடைகாலத் திட்டத்தை நடத்துகிறது. பௌதிகவியல், பொறியியல், கணினி விஞ்ஞானம், கணிதம் கற்போர் விண்ணப்பிக்கலாம். கோடை தொடங்குவதற்குள் மூன்று ஆண்டுகள் முழுநேரப் படிப்பை முடித்திருக்க வேண்டும். ஆகவே இது உங்களுக்கு இந்த ஆண்டுக்கானதன்று; அடுத்த ஆண்டுக்கு உரியது. எட்டு வாரம் முதல் பதின்மூன்று வாரம் வரை காலையில் விரிவுரை, மீதி நேரம் ஒரு ஆய்வுக் குழுவோடு வேலை என்று அது நடக்கும். செலவுக்குத் தொகையும் தருவார்கள். ஜப்பானின் ஒக்கினாவா விஞ்ஞானத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எல்லா நாட்டு மாணவர்களையும் ஆய்வுப் பயிலுநர்களாக எடுக்கிறது. பயணச் செலவும் தங்குமிடமும் உதவித்தொகையும் அவர்களுடைய பொறுப்பு. கடல்சார் உயிரியலில் ஈடுபாடுடையவர்கள் அங்குள்ள ஆய்வுக் குழுக்களின் பட்டியலை ஒரு முறையாவது வாசித்துப் பார்க்க வேண்டும். சவூதி அரேபியாவில் ஜித்தாவுக்கு வடக்கே, செங்கடல் ஓரத்தில் 2009 இல் தொடங்கப்பட்ட மன்னர் அப்துல்லா விஞ்ஞானத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மூன்றாம் வருடத்திலும் அதற்கு மேலும் இருப்போரை மூன்று முதல் ஆறு மாதம் வரை வருகை மாணவராக அழைக்கிறது. தரப் புள்ளிச் சராசரி நான்குக்கு 3.5 ஆவது இருக்க வேண்டும். தங்குமிடம், விமானச் சீட்டு ஆகியவற்றோடு மாதம் 1000 அமெரிக்க டொலர் கொடுக்கிறார்கள்.

இவை மூன்றுமே போட்டி கடுமையானவை. ஒன்றை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. எந்த அறிவித்தலைக் கண்டாலும் முதலில் நாட்டுரிமை, படிப்பாண்டு, துறை, இறுதித் திகதி என்ற நான்கையும் தேடிப் படியுங்கள். தொகை எவ்வளவு என்பதை ஐந்தாவதாகப் பார்க்கலாம். படிப்பாண்டு என்பது பெரும்பாலும் அங்கே போய்ச் சேரும்போது நீங்கள் இருக்கப்போகும் ஆண்டைக் குறிக்கும். விண்ணப்பிக்கும் நாளில் இருக்கும் ஆண்டை அன்று. இறுதித் திகதியும் அந்த நாட்டு நேரத்தின்படியே: குளிர்காலத்தில் ஜெனீவாவில் நள்ளிரவாகும்போது மட்டக்களப்பில் அதிகாலை 4.30. இந்த நான்கரை மணி நேரத்தைத் தவறாகக் கழித்து, நேரம் போய்விட்டது என்று விண்ணப்பத்தைக் கைவிட்ட ஒருவரையும் எனக்குத் தெரியும்.

ஜப்பானின் 'சகுரா' விஞ்ஞானப் பரிமாற்றத் திட்டத்தைப் பற்றியும் இருவர் கேட்டிருக்கிறார்கள். 2014 இல் தொடங்கிய அது சில வாரப் பயணம்; மாணவர் தனியாக விண்ணப்பிக்க முடியாது. அங்குள்ள பேராசிரியர் ஒருவரும் இங்குள்ள பீடமும் சேர்ந்து ஏற்பாடு செய்வது. ஜப்பானில் பட்டம் பெற்றுத் திரும்பிய விரிவுரையாளர் உங்கள் பீடத்தில் இருந்தால் அவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு கருவி பழுதானால் திருத்த மாதக்கணக்கில் ஆகிறது. கொழும்பிலும் பேராதனையிலும் உள்ள வசதி இங்கே இல்லை. இந்த நிலையில் மட்டக்களப்பில் இருந்துகொண்டு ஆராய்ச்சி என்று எதைச் செய்ய முடியும்? – களுதாவளை வாசகர், இரசாயனவியல், மூன்றாம் வருடம்

பதில்: களுதாவளையிலிருந்து இந்தக் கேள்வி வந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன், கோபிக்க வேண்டாம். மணல் நிலத்தில் கிணற்று நீரை இறைத்து மிளகாயும் வெங்காயமும் வெற்றிலையும் விளைவிக்கும் ஊர் உங்களுடையது. அந்த மணலில் இடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மீதி எங்கே போகிறது? மணல் எதையும் பிடித்து வைத்திருக்காது. யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறி, மழையோடும் பாய்ச்சும் நீரோடும் கீழே இறங்கி, நீங்கள் குடிக்க அள்ளும் அதே நீரில் சேரக்கூடும். குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. அந்த அளவு மிஞ்சினால் அதிகம் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகள். நைத்திரேற்று உடலில் நைத்திரைற்றாக மாறி, குருதி ஒட்சிசனைக் காவும் திறனைக் குறைத்துவிடும்.

இதனை அளப்பதற்குக் கோடிக்கணக்கான ரூபாக் கருவி வேண்டியதில்லை. இயங்கும் நிலையில் ஒரு நிறமாலை ஒளிமானியும், மின்கடத்துதிறன் மானியும், சுத்தமான போத்தல்களும் இருந்தால் போதும். தோட்டத்துக்குள் இருக்கும் கிணறு ஐந்து, தோட்டமில்லாத வளவுக் கிணறு ஐந்து என்று பத்தைத் தெரிவு செய்யுங்கள். கச்சான் வீசி நீர் வற்றியிருக்கும் ஆடி, ஆவணி மாதங்களில் தொடங்கி, மாரி கொட்டி முடியும் தை வரை, மாதம் ஒரு முறை ஒரே நேரத்தில் நீர் எடுங்கள். நீர்மட்டத்தை நூல் கட்டி அளந்து குறியுங்கள். தோட்டக்காரர் எந்த நாளில் எவ்வளவு உரம் போட்டார் என்று கேட்டு எழுதுங்கள். கொழும்பிலிருந்து வரும் ஆய்வாளருக்கு இந்தக் கடைசித் தகவல் இலேசில் கிடைக்காது. ஒவ்வொரு மாதமும் வந்து போக அவருக்கு வாகனச் செலவு வேண்டும். உங்களுக்குச் சைக்கிள் போதும். அந்த வளவுக்காரர் உங்களுக்கு மாமா முறையாகவும் இருப்பார்.

மாதிரி எடுத்த அன்றே குளிரில் வைத்து, இயன்றவரை விரைவாக அளக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோய் நான்கு நாள் கழித்து அளந்த நைத்திரேற்று எவருக்கும் உதவாது. ஒவ்வொரு மாதிரியையும் மூன்று முறை அளந்து, செறிவு தெரிந்த கரைசலோடு ஒப்பிட்டு, வெற்று மாதிரியையும் சேர்த்து எழுதியிருந்தால், உங்கள் அட்டவணையைப் பார்க்கும் எந்த நாட்டுப் பேராசிரியரும் நீங்கள் வேலை தெரிந்தவர் என்று ஒரு நிமிடத்தில் கண்டுகொள்வார்.

இது ஒரு எடுத்துக்காட்டுத்தான். சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி, பாலமீன்மடு முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும் கடலைத் தொடுகிறது. முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்திலும் மூடியிருக்கும் காலத்திலும் உவர்த்தன்மை எப்படி மாறுகிறது, அதனால் இறால் குஞ்சுகளுக்கு என்ன நேர்கிறது என்பது விலங்கியல் மாணவருக்கு உரிய கேள்வி. கரையோரக் கண்டல் மரங்களில் எந்த இனம் எங்கே அழிந்தது, எங்கே மீண்டும் நட்டது பிழைத்தது என்பது தாவரவியல் மாணவருக்கு. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் உவர்த்துப்போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அவற்றின் நிலை என்ன என்று அதே கிணறுகளில் திரும்பவும் பார்ப்பது எளிய வேலை. கணிதம் கற்பவருக்கு நீர் கூட வேண்டாம். மழைவீழ்ச்சிப் பதிவுகளையும் டெங்கு நோயாளர் எண்ணிக்கையையும் வைத்து வேலை செய்ய ஒரு கணினி போதும். கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் மீன் பாடுகிறது என்ற கதையை நம் பாட்டிமார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நீருக்கடியில் ஒலியைப் பதியும் ஒலிவாங்கியை இறக்கி, பல இரவுகள் தொடர்ச்சியாகப் பதிந்து, எந்த அதிர்வெண்ணில் எந்த நேரத்தில் என்ன ஒலி வருகிறது என்று வரைபில் காட்டுவது பௌதிகவியலும் விலங்கியலும் சேர்ந்து செய்யக்கூடிய நல்ல இறுதியாண்டு ஆய்வு.

இரண்டு எச்சரிக்கைகள். காட்டிலோ சரணாலயத்திலோ மாதிரி எடுப்பதற்கும், பாதுகாக்கப்பட்ட உயிரினங்களைத் தொடுவதற்கும் வன பரிபாலனத் திணைக்களத்தினதும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தினதும் அனுமதி வேண்டும். மேற்பார்வையாளர் மூலம் முன்கூட்டியே எழுதிப் பெறுங்கள். மனிதரிடம் குருதியோ தனிப்பட்ட நோய் விவரமோ பெறுவதாயின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது.

கருவி உண்மையிலேயே இல்லாத இடத்தில், கண்டி ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனம், கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம், மட்டக்குளியிலுள்ள தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றில் உங்கள் திணைக்களத் தலைவரின் கடிதத்தோடு விசாரியுங்கள். மாணவர் தனியாக எழுதும் மின்னஞ்சலைவிட, திணைக்களக் கடிதத்துக்கு அங்கே விரைவில் பதில் வரும்.

கேள்வி: எனக்குச் சிறப்புக் கற்கை கிடைக்கவில்லை. மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு வெளியேறுகிறேன். ஆராய்ச்சி இனி இல்லையா? – திருக்கோவில் வாசகி

பதில்: இருக்கிறது, சற்றுச் சுற்றுவழி. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் மூன்று வருடப் பட்டம் ஐந்தாம் மட்டம், நான்கு வருடச் சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம். பல நாடுகளின் முதுமாணிப் படிப்புகள் நான்கு வருடத்தைக் கேட்பதால், நீங்கள் முதலில் இங்கே பாடநெறி வழியான முதுமாணி ஒன்றை முடித்து, அதில் ஆய்வுப் பகுதியைக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆய்வு உதவியாளர் வேலை அதைவிட நல்ல வழி என்பது என் எண்ணம். நிதி பெற்ற ஆய்வுத் திட்டங்களை நடத்தும் விரிவுரையாளர்கள் உதவியாளர்களை எடுப்பதுண்டு. சம்பளம் சொற்பம், ஆனால் ஒரு வருடத்தில் கை பழகிவிடும். நேர்முகத்தில் உங்கள் பட்டத்தின் நீளத்தைக் காட்டிலும், ஆய்வுகூடக் குறிப்பேட்டை நீங்கள் எப்படி ஒழுங்காக வைத்திருந்தீர்கள் என்பது அதிகம் பேசும்.

கேள்வி: என் மகள் இரசாயனவியல் மூன்றாம் வருடம். வெளிநாட்டில் முழுப் புலமைப்பரிசிலோடு ஆய்வுப் பயிற்சி பெற்றுத் தருவதாக ஒருவர் தொலைபேசியில் பேசி, கோவை திறக்க 75,000 ரூபா முற்பணம் கேட்கிறார். கடிதத் தலைப்பெல்லாம் அனுப்பியிருக்கிறார். நம்பலாமா? – நிந்தவூர்த் தந்தை ஒருவர்

பதில்: கொடுக்க வேண்டாம். மேலே நான் சொன்ன திட்டங்கள் எதற்கும் இடைத்தரகர் இல்லை. மாணவியே அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கிறார். சில பல்கலைக்கழகங்கள் சிறு விண்ணப்பக் கட்டணம் அறவிடுவதுண்டு என்றாலும், அது தளத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்குப் போகாது. அந்தப் பணத்தில் மகளுக்குக் கடவுச்சீட்டு எடுங்கள். ஆங்கிலத் தேர்வுக்குக் கட்டணம் கட்டுங்கள்.

மகளைத் தனியே அனுப்புவது பற்றிய உங்கள் தயக்கத்தைக் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் வீட்டில் பேசித் தீர்க்க வேண்டியது. ஒன்று மட்டும் சொல்லலாம்: இத்தகைய இடங்களில் மாணவிகளுக்கு வளாகத்துக்குள்ளேயே தங்குமிடம் இருக்கிறதா, முன்னர் போய்வந்த இலங்கை மாணவி யாராவது இருக்கிறாரா என்று மகளைக் கொண்டே அந்த அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கச் செய்யுங்கள். வரும் பதிலைப் படித்த பிறகு முடிவெடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுப் பேராசிரியர்கள் நாற்பது பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன். ஒருவர்கூடப் பதில் எழுதவில்லை. நம் பல்கலைக்கழகத்தின் பெயர் தெரியாததால்தானா? – செங்கலடி வாசகர்

பதில்: நாற்பது பேருக்கு ஒரே மின்னஞ்சல் என்பதே காரணம். அத்தகைய கடிதம் வந்து சேர்ந்த கணத்திலேயே அதன் பொதுத்தன்மை தெரிந்துவிடும். நான்கு பேரைத் தெரிவு செய்து, ஒவ்வொருவரும் அண்மையில் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையை முழுதாகப் படித்து, அதில் உங்களுக்கு விளங்காத அல்லது உங்களை ஈர்த்த ஓர் இடத்தைக் குறிப்பிட்டு, நீங்கள் இதுவரை கையால் செய்த வேலையை மூன்று வரியில் எழுதி, எத்தனை மாதம், எந்த மாதம், பணத்துக்கு வழி என்ன என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். மொத்தம் பதினைந்து வரிக்கு மேல் போக வேண்டாம். 'மதிப்புக்குரிய பெருந்தகையே, தங்கள் பொன்னான நேரத்தை' என்று தொடங்கும் நம் ஊர் விண்ணப்ப நடையை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதாதீர்கள்; அங்கே அது விநோதமாக ஒலிக்கும். இரண்டு வாரம் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம்.

பரிந்துரைக் கடிதத்தையும் இதோடு சேர்த்துச் சொல்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்னரே விரிவுரையாளரிடம் நேரில் போய்க் கேளுங்கள். கேட்கும்போதே உங்கள் பெறுபேறு, நீங்கள் செய்த ஆய்வின் சுருக்கம், இறுதித் திகதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நான் மாணவனாக இருந்தபோது, கூச்சத்தால் கடைசி வாரத்தில்தான் கேட்டேன். ஆசிரியர் நல்லவர், கடிதத்தையும் எழுதினார். அது போய்ச் சேர்ந்தது இறுதித் திகதிக்கு ஆறு நாள் கழித்து. உங்களை நன்கு அறிந்த இளம் விரிவுரையாளர் எழுதும் குறிப்பான கடிதம், உங்கள் முகம் நினைவில்லாத பீடாதிபதி எழுதும் பொதுவான கடிதத்தைவிடப் பயன்தரும்.

கேள்வி: உயர்தரம் வரை தமிழில் படித்தேன். இப்போது விரிவுரை ஆங்கிலத்தில். விளங்குகிறது, ஆனால் எழுத வரவில்லை. – காரைதீவு வாசகர்

பதில்: உங்கள் ஊரில் 1892 இல் பிறந்த விபுலானந்த அடிகள் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி என்பதும், துறவு பூணுமுன் விஞ்ஞானம் கற்பித்தவர் என்பதும் பலருக்கு மறந்துவிட்டன. அவருக்கும் தாய்மொழி தமிழ்தான். ஆங்கிலம் படித்துப் பெற்றது. நீங்கள் இலக்கணப் புத்தகத்தை விட்டு, உங்கள் துறையில் ஒரு ஆய்வுச் சுருக்கத்தை நாளுக்கு ஒன்று கையால் பார்த்து எழுதுங்கள். பிறகு மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதுங்கள். ஆய்வுச் சுருக்கத்தின் ஆங்கிலம் மிகச் சிறிய உலகம்; அளந்தோம், கண்டோம், ஒப்பிட்டோம் என்ற அளவிலான வினைச்சொற்கள் நூறுக்குள் அடங்கும். மூன்று மாதத்தில் கை வந்துவிடும்.

கேள்வி: சர்வதேச மாநாடு ஒன்றிலிருந்து, என் ஆய்வை வெளியிட 150 டொலர் கட்டுமாறு அழைப்பு வந்துள்ளது. என் பெயரைக் குறிப்பிட்டுப் பாராட்டியும் இருக்கிறார்கள். – அக்கரைப்பற்று வாசகர்

பதில்: நீங்கள் இன்னும் எழுதாத ஆய்வைப் பாராட்டுகிறவர்களை நம்ப வேண்டாம். முதல் மேடையாக உங்கள் பல்கலைக்கழகம் நடத்தும் ஆய்வரங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, 1944 இல் தொடங்கிய இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் வருடாந்த அமர்வு இருக்கிறது. மேற்பார்வையாளரோடு சேர்ந்து ஆய்வுச் சுருக்கம் அனுப்பலாம். அங்கே உங்கள் தாளைப் படிப்பவர்கள் கேள்வி கேட்பார்கள். சில வேளை கடுமையாகவே கேட்பார்கள்.

கேள்வி: எங்கள் தொகுதியின் பரீட்சைப் பெறுபேறு இன்னும் வரவில்லை. விண்ணப்பத்தில் தரப் புள்ளிச் சராசரி கேட்கிறார்கள். பொறுத்திருப்பதா? – ஏறாவூர் வாசகி

பதில்: பொறுத்திருக்க வேண்டாம். வெளியான அரையாண்டுகள் வரையான பெறுபேற்று அட்டவணையைப் பதிவாளர் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள்; அதோடு நீங்கள் இப்போது எந்த வருடத்தில் கற்கிறீர்கள், பட்டம் எந்த மாதத்தில் முடியும் என்பதை உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றையும் பெறுங்கள். மீதிப் பெறுபேறு நிலுவையில் உள்ளது என்பதை விண்ணப்பத்தில் ஒரு வரியில் எழுதலாம். நீங்களாகக் கணக்கிட்ட சராசரியை உறுதியானது போல எழுதக் கூடாது. பதிவாளர் அலுவலகத்துக்கு இந்த வாரமே போங்கள். அட்டவணை கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம். கையொப்பமிட வேண்டியவர் விடுமுறையில் இருந்தால் இன்னும் கூடும்.